நிக்சனும் அவருடைய ஊடகச் செயலாளரும்: "எனக்குத் தெரியாது" என்ற பதிலை எவ்வளவு தூரம் ஏற்கலாம்?

வட்டக்கச்சியான்

1972 ஜூன் 17 அதிகாலையில் வோஷிங்டன் நகரத்து வோட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். கதவு பூட்டுப்படாமல் இருக்க ஒட்டியிருந்த டேப்பை இரவுக் காவலாளி கண்டு பொலிசுக்கு அறிவித்தார். இது பலருக்கும் தெரிந்த கதை. நான் கதைக்க விரும்புவது, அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஜனாதிபதிக்காகச் செய்தியாளர் முன் நின்ற ஆளைப் பற்றி. பெயர் ரொன் சீக்லர், ரிச்சர்ட் நிக்சனின் ஊடகச் செயலாளர். 1969 இல் பதவிக்கு வந்தபோது வயது 29. அதுவரை அந்தக் கதிரையில் இருந்தவர்களில் அவர்தான் மிக இளையவர். பத்திரிகையில் இருந்து வந்தவர் இல்லை, விளம்பர நிறுவனத்தில் இருந்து வந்தவர். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஹால்டமன்தான் வெள்ளை மாளிகையிலும் நிக்சனுக்கு அடுத்தபடியாக இருந்தார்.

அந்த ஒரு கிழமையை மட்டும் பாருங்கள். ஜூன் 19 ஆம் திகதி புளோரிடாவில் வைத்துச் செய்தியாளர்கள் கேட்டபோது, இது ஒரு மூன்றாந்தரக் களவு முயற்சி, சிலர் இதை உள்ளதை விடப் பெரிதாக்கப் பார்ப்பார்கள் என்றார் சீக்லர். ஜூன் 22 இல் நிக்சன் தானே செய்தியாளரைச் சந்தித்தார். சீக்லர் சொன்னது போல இந்தச் சம்பவத்தில் வெள்ளை மாளிகைக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார். கவனித்தீர்களா? பேச்சாளர் ஜனாதிபதியின் பெயரால் பேசுகிறார், ஜனாதிபதி பேச்சாளரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கீழே தரை இல்லை. மறுநாள் ஜூன் 23 காலை, எவ்.பி.ஐ. விசாரணையை நிறுத்தும்படி சி.ஐ.ஏ.யைக் கொண்டு கேட்பிக்கலாம் என்று ஹால்டமன் சொல்ல, நிக்சன் அதற்குச் சம்மதித்தார். அந்த உரையாடல் ஒலிநாடாவில் பதிவானது.

சீக்லருக்கு உள்ளே நடந்தது தெரியாது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர் மீது வழக்கும் வரவில்லை. என்னால் அதோடு விட்டுவிட முடியவில்லை. வன்னியில் இருந்துகொண்டு எத்தனை ஊடகப் பேச்சாளர்களின் அறிக்கைகளைக் கேட்டு வந்தவர்கள் நாங்கள். ஓர் அறிக்கையை வாசித்தவர் பிறகு "எனக்குத் தெரியாது" என்றால் அதை எந்த அளவுக்கு ஏற்கலாம்? உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

முழங்காவில்

நல்ல இழை அண்ணை. நான் சீக்லர் பக்கம் கொஞ்சம் கதைக்கப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

அவர் பேச்சாளர், துப்பறிவாளர் அல்ல. ஜனாதிபதி "தொடர்பில்லை" என்று சொன்னால் அதைக் கொண்டுபோய்ச் சொல்வதுதான் வேலை. 1972 ஓகஸ்ட் 29 இல் நிக்சன் நாடு முழுக்கப் பார்க்கச் சொன்னார்: சட்ட ஆலோசகர் ஜோன் டீன் முழுமையாக விசாரித்துவிட்டார், இப்போது வெள்ளை மாளிகையில் வேலை செய்யும் எவருக்கும் இதில் பங்கில்லை என்று. அப்படி ஒரு விசாரணை நடக்கவேயில்லை. தான் செய்ததாகச் சொல்லப்பட்ட விசாரணையை டீனே தொலைக்காட்சியில்தான் முதலில் கேள்விப்பட்டார். சட்ட ஆலோசகரையே அந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்றால், 33 வயது ஊடகச் செயலாளர் என்ன செய்வார்?

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மேலே இருந்து வரும் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டுவது பள்ளிக்கூட அதிபரின் கடமை. சுற்றறிக்கையில் பிழை இருந்தால் அதை வாசித்த அதிபரையா பிடிப்பது?

குமுழமுனை வாசகி

முழங்காவில் ஐயா, உங்களுக்கு மறுத்துச் சொல்ல வேண்டி இருக்கிறது. சுற்றறிக்கை என்றால் அதில் கையெழுத்து இருக்கும், திகதி இருக்கும், அனுப்பியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சாளர் செய்வது அது அல்ல. அவர் தன் வாயால், தன் நம்பகத்தன்மையை வைத்து, "அப்படி நடக்கவில்லை" என்று சொல்கிறார். கேட்டவரை மட்டந்தட்டவும் செய்கிறார். 1972 ஒக்டோபரில் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகை நிக்சனின் தேர்தல் குழு செய்த நாசவேலைகளைப் பற்றி எழுதியபோது சீக்லர் என்ன செய்தார்? செய்தியில் இருந்த விடயத்துக்குப் பதில் சொல்லவில்லை. கேள்விப்பட்டதை எழுதுகிறார்கள் என்று பத்திரிகையைத் தாக்கினார். தெரியாத ஆள் "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். தெரியாமலே மற்றவனைப் பொய்யன் என்று சொல்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு தைக்கிறது என்று சொல்கிறேன். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னிக்குள் அகப்பட்டிருந்த சனம் 70,000 பேர் அளவில்தான் என்று கொழும்பில் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த அரச அதிகாரிகளின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. முடிவில் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் கொண்டுபோய் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். ஒரு பேச்சாளர் ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்லும் எண்ணிக்கை காற்றோடு போவதில்லை. எவ்வளவு அரிசி, எவ்வளவு மாவு, எவ்வளவு மருந்து கப்பலில் ஏற்றுவது என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது. மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். ஒரு தகரப் பேணிக்குள் அரிசியைத் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குத் தண்ணிக் கஞ்சி. அதை வாங்கிக்கொண்டு நின்ற எங்களைத்தான் அந்த எண் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த எண்ணை வாசித்தவருக்கும் "எனக்குத் தந்ததைத்தான் வாசித்தேன்" என்று சொல்ல ஏலும். அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன்.

பூநகரிப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கிறேன். குமுழமுனை அக்கா எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஒரு விடயம் கேட்க வேண்டும். வோஷிங்டன் போஸ்ட் எழுதியதிலும் பிழை இருந்தது இல்லையா? 1972 ஒக்டோபர் 25 வந்த செய்தி. ஹால்டமன் நாசவேலைகளுக்கான இரகசிய நிதியைக் கட்டுப்படுத்தினார் என்று தேர்தல் குழுவின் பொருளாளர் ஹியூ ஸ்லோன் பெருநடுவர் குழு (வழக்குத் தொடுக்கலாமா என்று பார்க்கும் குழு) முன் சாட்சியம் சொன்னதாக எழுதினார்கள். ஸ்லோன் அப்படிச் சாட்சியம் சொல்லியிருக்கவில்லை. அதை வைத்துத்தான் சீக்லர் அன்றைக்கு அந்தப் பத்திரிகையைப் போட்டுத் தாக்கினார். அப்போது பேச்சாளர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று எடுக்கலாமா?

வட்டக்கச்சியான்

நல்ல கேள்வி தங்கச்சி. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் செய்தியாளருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

ஹால்டமனுக்கு அந்த நிதியில் கை இருந்தது என்பது சரி. ஸ்லோன் அதைப் பெருநடுவர் குழு முன் சொன்னார் என்பது பிழை. அவரிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. செய்தியின் சாரம் சரி, காட்டிய ஆதாரம் பிழை. வெள்ளை மாளிகை செய்தது என்ன? ஆதாரத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு சாரத்தையே இல்லை என்றது. "ஸ்லோன் அப்படிச் சொல்லவில்லை" என்பது உண்மை. அதைக் கேட்டவன் "அப்போ ஹால்டமனுக்குத் தொடர்பில்லை" என்று விளங்கிக்கொள்வான். அந்த விளக்கம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நெருக்கடியில் இருக்கும் எந்த மாளிகையும் இதைச் செய்யும். ஒரு திகதி, ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை, எது பிழைத்தாலும் அதைத் தூக்கிப் பிடித்து மீதி எல்லாவற்றையும் மூடுவார்கள். அதனால்தான் சின்ன விபரத்தையும் இரண்டு தரம் பார்க்கச் சொல்கிறது.

இரண்டு கிழமை கழித்து, நவம்பர் 7 தேர்தலில் நிக்சன் 50 மாநிலங்களில் 49 ஐ வென்றார். சனம் அறிக்கையை நம்பியது. வென்ற கையோடு டிசம்பர் 11 ஆம் திகதி சீக்லருக்கு ஓர் உத்தரவு: வோஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவரும் இனி வெள்ளை மாளிகைக்குள் கால் வைக்கக் கூடாது, விளங்கிச்சுதா என்று. சீக்லர் விளங்கியது என்கிறார். இதுவும் ஒலிநாடாவில் இருக்கிறது. முழங்காவில் ஐயா, இந்த இடத்தில் உங்களைத்தான் நினைத்தேன். களவைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கேட்பவனை வாசலிலேயே நிறுத்து என்று சொல்லும்போது, ஏன் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றாதா?

ஒட்டுசுட்டான்

நான் இங்கே எழுதுவது குறைவு. இந்த இழை என் வேலையைத் தொடுவதால் எழுதுகிறேன்.

ஓர் அரச அலுவலகத்தில் இருக்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். பத்திரிகைக் குறிப்பு எழுதுவதும் என் தலையில்தான். ஒரு மாரி காலம், மழை விடாமல் பெய்து குளம் வான் பாய்ந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் சனம் வந்து இருந்துவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குள் எத்தனை குடும்பம், என்ன பாதிப்பு என்று குறிப்பு வேண்டும் என்றார்கள். கிராம அலுவலர்களின் பட்டியல் வரவில்லை. பாதை வெட்டுப்பட்டுப் போனதால் இரண்டு பிரிவுக்கு ஆளே போகவில்லை. நான் எழுதியது: "இரண்டு பிரிவுகளின் பட்டியல் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் அறிவிக்கப்படும்." அந்த இரண்டு வரியையும் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே "நிலைமை முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதித் திருப்பித் தந்தார் மேலதிகாரி. நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். வேறொருவர் வைத்தார். அது அன்றிரவே எல்லாருடைய கைபேசிக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் உலர் உணவு கொடுக்கும்போது ஒரு அம்மா கைபேசியை நீட்டி, "தம்பி, இதில எங்கட வீடும் சேர்த்தியோ?" என்று கேட்டார். அவருடைய சீலைக் கரை முழங்கால் வரை சேறு. அந்தக் குறிப்பில் அவருடைய பிரிவே இல்லை.

ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன், குறிப்பு எழுதுபவனுக்கு எல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை. எது தனக்குத் தெரியாது என்பது அவனுக்குக் கட்டாயம் தெரியும். சீக்லருக்கும் தெரிந்திருக்கும். டீன் விசாரணை செய்தார் என்றால், அந்த அறிக்கையை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்கலாம்தானே? கேட்டால் இல்லை என்று தெரிந்துவிடும். கேட்காமல் இருக்கத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள். கேளாமல் இருப்பதையும் ஒரு வேலையாகச் செய்தார் என்பது என் எண்ணம்.

முழங்காவில்

தம்பி ஒட்டுசுட்டான், நீங்கள் கையெழுத்து வைக்காமல் விட்டதற்கு என் மரியாதை. எல்லாராலும் முடியாது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை பலருக்கு.

ஆனாலும் சீக்லர் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1973 ஏப்ரல் 30 இல் ஹால்டமனும் நிக்சனின் ஆலோசகர் எர்லிக்மனும் சட்டமா அதிபரும் பதவி விலகி, டீனும் நீக்கப்பட்டார். மறுநாள் மே 1 இல் சீக்லர் செய்தியாளர் முன் வந்து, வோஷிங்டன் போஸ்டிடமும் வூட்வர்ட், பேர்ன்ஸ்டைன் என்ற இரண்டு நிருபர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். பிழை விட்டால் பிழைதான் என்றார். எங்கள் நாட்டில் எத்தனை பேச்சாளர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? நான் ஒருவரையும் காணவில்லை.

குமுழமுனை வாசகி

அதை நான் மறுக்கவில்லை ஐயா. கேட்டது நல்லது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 17 இல் நிக்சன், புதிய விபரங்கள் வந்திருக்கின்றன, தானே மறுபடி விசாரிப்பதாக அறிவித்தார். அது முந்தைய பத்து மாதக் கதைக்கு நேர் மாறு. செய்தியாளர்கள் சீக்லரை விடவில்லை. அப்போ இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னவை என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் அவர் சொன்னது, இதுதான் இப்போது நடைமுறையில் உள்ள அறிக்கை, மற்றவை இனிச் செல்லாது என்று.

பத்து மாதத்துக்கு ஒரு வரியில் கணக்கு முடித்தார். பொய் என்று சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. பழைய சட்டம் ஒன்றை நீக்கியது போலச் சொன்னார். அந்தப் பத்து மாதத்துக்குள் ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. அந்த அறிக்கைகளை நம்பி வாக்குப் போட்டவனுக்கு அவனுடைய வாக்கைத் திருப்பித் தர முடியுமா? எங்களுக்கும் அதுதான். சரியான எண்ணிக்கை பிறகு வந்தது. கஞ்சி வரிசை அதற்கு முன்னமே முடிந்துவிட்டது.

பூநகரிப் பிள்ளை

நியூ ஓர்லியன்ஸில் நடந்த சம்பவத்தின் காணொளியை இப்போதுதான் பார்த்தேன். 1973 ஓகஸ்ட் 20. நிக்சன் ஒரு மண்டபத்துக்குள் போகிறார், பின்னால் சீக்லரும் செய்தியாளர்களும் வருகிறார்கள். நிக்சன் திரும்பி, சீக்லரின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் கை வைத்துச் செய்தியாளர் பக்கம் தள்ளுகிறார். சிறிய தள்ளல் இல்லை, ஆள் தடுமாறுகிறார். கமெராக்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர்களை என் பின்னால் வர விடாதே, நீ பார்த்துக்கொள் என்ற பொருளில் சொன்னாராம்.

அண்ணை, அவ்வளவுக்குப் பிறகும் சீக்லர் ஏன் விலகவில்லை?

வட்டக்கச்சியான்

அவர் விலகவில்லை, இன்னும் நெருங்கினார். ஹால்டமன் போன பிறகு நிக்சனைச் சுற்றி இருந்தவர்கள் குறைந்தார்கள். நாளாந்தச் செய்தியாளர் சந்திப்பைப் பெரும்பாலும் உதவியாளர் ஜெரால்ட் வொரன் நடத்த, சீக்லர் ஆலோசகர் இடத்துக்குப் போனார். 1973 ஒக்டோபர் 20 சனிக்கிழமை இரவு, விசேட வழக்குத்தொடுநர் ஆர்ச்சிபோல்ட் கொக்ஸ் நீக்கப்பட்டதையும், அவரை நீக்க மறுத்துச் சட்டமா அதிபர் ரிச்சர்ட்சன் விலகியதையும், அவருக்கு அடுத்த ரக்கல்ஷோஸ் போனதையும் அறிவித்தது சீக்லர்தான். அந்த இரவில் இரண்டு பேர் "நான் செய்ய மாட்டேன்" என்று பதவியை விட்டார்கள். மூன்றாவது ஆள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அதை வாசித்தார். முழங்காவில் ஐயா கேட்ட "என்ன செய்வார்" என்ற கேள்விக்கு அந்த இரவிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1974 ஓகஸ்ட் 9 இல் நிக்சன் கலிபோர்னியாவுக்குப் பறந்தபோதும் சீக்லர் கூடவே போனார். அந்த விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீழ்ந்தவனை விட்டு ஓடாத குணம் பெரியது. ஆனால் அவருக்குச் சம்பளம் தந்தது நிக்சன் அல்ல, சனம்.

பிள்ளைக்கு இன்னொருவரின் கதையையும் சொல்ல வேண்டும். நிக்சனுக்குப் பின் வந்த ஜனாதிபதி போர்ட், ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்ட் என்ற பத்திரிகையாளரை ஊடகச் செயலாளராக எடுத்தார். ஒரு மாதம்தான் இருந்தார். நிக்சனுக்கு மன்னிப்புக் கொடுக்கும் யோசனை உண்டா என்று கேட்ட நிருபருக்கு, இல்லை என்று சொல்லியிருந்தார். ஏனென்றால் உள்ளே அவர் விசாரித்தபோது அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. செப்டெம்பர் 8 இல் போர்ட் மன்னிப்பை அறிவித்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கு இல்லாத மன்னிப்பு ஜனாதிபதியாக இருந்தவருக்கு எப்படி என்று சொல்லி, டெர்ஹோர்ஸ்ட் அன்றைக்கே பதவியை விட்டார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான். அவர் கேட்டார், பொய்ப் பதில் வந்தது, தெரிந்த அன்றே வெளியேறினார். சீக்லரும் டெர்ஹோர்ஸ்டும் ஒரே கதிரையில், ஒரே கோடையில், ஒருவர் பின் ஒருவராக இருந்தவர்கள்.

மாங்குளம் சந்தி

இடையில் வருகிறேன். எல்லாரும் கொழும்பையும் வோஷிங்டனையும் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்துப் பேச்சாளர்களையும் கதைக்க வேண்டாமா? 2002 ஏப்ரல் 10 கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டுக்கு உலகம் எல்லாம் இருந்து வந்தார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரன் நடுவில், அன்ரன் பாலசிங்கம் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். ரஜீவ் காந்தி கொலை பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில் அது ஒரு துன்பியல் சம்பவம் என்பது. கேள்வி அதற்கு மேலும் போனது, பதில் போகவில்லை. போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். புலிகளின் குரலும் கேட்டோம், தமிழோசையும் கேட்டோம், கொழும்புச் செய்தியும் கேட்டோம். எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்று மூன்றையும் வைத்துப் பார்த்தோம். 2009 இல் எங்களை வெளியே போக விடாமல் வைத்திருந்ததைப் பற்றி எங்கள் பக்கத்து அறிக்கை என்ன சொன்னது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதைக் கதைக்கக் கூடாது.

குமுழமுனை வாசகி

நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். எங்களை எண்ணாமல் விட்டதும் எங்களைப் போக விடாமல் வைத்திருந்ததும் இரண்டுமே நடந்தது. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறோம் என்று ஆகக் கூடாது.

வட்டக்கச்சியான்

மாங்குளம் தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. கட்டாயம் எழுத வேண்டியது.

இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு இப்போதுதான் வருகிறேன். 1974 ஜூலை 27 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு, நிக்சனைப் பதவி நீக்குவதற்கான முதலாவது குற்றச்சாட்டை 27 க்கு 11 என்று நிறைவேற்றியது. விசாரணைக்குத் தடை போட்டது தொடர்பான குற்றச்சாட்டு. அதற்குள் பல உட்பிரிவுகள். சாட்சிகளுக்குப் பணம், சி.ஐ.ஏ.யைத் தவறாகப் பயன்படுத்தப் பார்த்தது என்று வரிசையாகப் போகும். அதில் ஒன்று: முழுமையான விசாரணை நடந்து முடிந்துவிட்டது என்று மக்களை நம்ப வைப்பதற்காகப் பொய்யான, திசைதிருப்பும் பகிரங்க அறிக்கைகளை விட்டது, விடச் செய்தது. "விடச் செய்தது" என்பதைப் பாருங்கள். பேச்சாளரின் வாயால் வந்தது ஜனாதிபதியின் குற்றமாக எழுதப்பட்டது.

பேச்சாளரை நடுவில் வைத்தால் தான் தப்பலாம் என்பதுதான் ஜனாதிபதியின் கணக்கு. நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். பேச்சாளரின் கணக்கு, எனக்குத் தெரியாது, அவர் சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிக் கையைக் காட்டினால் நடுவில் குற்றமே காணாமல் போய்விடும். அந்தக் குழு அதற்கு இடம் கொடுக்கவில்லை. எப்படி முடிந்தது? யார், எந்தத் திகதியில், எதைச் சொன்னார் என்பது பத்திரிகையில் அச்சில் இருந்தது. உள்ளே அதே திகதியில் என்ன பேசினார்கள் என்பது ஒலிநாடாவில் இருந்தது. ஜூலை 24 இல் உயர் நீதிமன்றம் எட்டுக்குப் பூச்சியம் என்று நாடாக்களைக் கொடுக்கச் சொல்லித் தீர்த்தது. ஓகஸ்ட் 5 இல் ஜூன் 23 நாடா வெளியானபோது நிக்சனே, தான் முன்பு சொன்ன சில அறிக்கைகளோடு இது பொருந்தவில்லை என்று எழுத வேண்டி வந்தது. நாலு நாளில் பதவி போனது.

எங்களிடம் ஒலிநாடா இல்லை. அறிக்கைகள் இருக்கின்றன. திகதியோடு சேர்த்து வைத்திருக்கிறோமா? 2020 ஜனவரியில், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஜனாதிபதி கோட்டாபய ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னதாக அவருடைய அலுவலகமே அறிவித்தது. அப்போதே கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் அம்மாமார் 2017 பெப்ரவரி 20 முதல் இருந்துகொண்டிருந்தார்கள். இறந்தார்கள் என்றால் எங்கே, எப்போது, யார் கையில் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி, வெள்ளை மாளிகை நிருபர்கள் சீக்லரிடம் கேட்ட கேள்வியை விடக் கூர்மையானது. ஏனென்றால் ஓர் அறிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை எந்த ஆதாரத்தில் சொன்னாய் என்று கேட்கும் உரிமை அந்த நிமிடமே பிறந்துவிடுகிறது.

பூநகரிப் பிள்ளை

அண்ணை, அந்த உரிமையை நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துவது? நாங்கள் மாணவர்கள். பெரிய பத்திரிகை ஒன்றும் எங்கள் பின்னால் இல்லை.

ஒட்டுசுட்டான்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த இடம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம் தொடக்கம் அமைச்சு வரை ஒவ்வோர் இடத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இந்த நாட்டுப் பிரஜை யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, அவர்களும் கேட்கக் கூடாது. தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த அலுவலகத்துக்குள்ளேயே மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. கடிதம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வர வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஊடக அறிக்கையும், அலுவலகத்துக்குள் எழுதும் குறிப்பும், கடிதப் போக்குவரத்தும், மின்னஞ்சலும் இந்தச் சட்டத்தில் "தகவல்" என்பதற்குள் வரும். ஆகவே "ஏன் பொய் சொன்னீர்கள்" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: இன்ன திகதியில் வெளியான அறிக்கையில் உள்ள இன்ன எண்ணிக்கைக்கு அடிப்படையான பட்டியலின் பிரதி. அந்தப் பட்டியல் அலுவலகத்துக்குக் கிடைத்த திகதி. அறிக்கையின் வரைவும் அதில் செய்த திருத்தங்களும். அறிக்கைக்கு ஒப்புதல் அளித்தவரின் பதவி. ஒரு கடிதத்தில் ஒரு சம்பவம் மட்டும் இருக்கட்டும்.

பட்டியல் வந்த திகதி அறிக்கைக்குப் பிந்தியது என்று தெரிந்தால் உங்களுக்குச் செய்தி கிடைத்துவிட்டது.

பூநகரிப் பிள்ளை

மிக்க நன்றி அண்ணை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடந்த மாரி வெள்ளத்தில் தொடங்குகிறோம். எங்கள் பகுதிக்கு வந்த அறிக்கைகள் எல்லாம் வட்ஸ்அப்பில் கிடக்கின்றன, முதலில் அவற்றைத் திகதிப்படி எடுத்து அச்சடிக்கிறோம். சிவப்புப் பேனை பட்ட வரைவு ஒன்று எங்கேயாவது கோப்பில் இருக்குமா?

ஒட்டுசுட்டான்

இருக்க வேண்டும் தங்கச்சி. கோப்பில் போட்ட தாளைக் கிழிக்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. கேட்டுப் பாருங்கள்.